மடங்கும் சமக்குறியும்

அக்காவிடம் 12 புளியங்கொட்டை, தம்பியிடம் 4. இரண்டையும் ஒப்பிட்டுச் சொல்ல இரண்டு வழிகள் உண்டு. தம்பியை விட அக்காவிடம் 8 கொட்டை கூடுதல் என்பது ஒன்று; அது கூட்டல் ஒப்பீடு, 12 = 4 + 8. தம்பியிடம் இருப்பதைப் போல் 3 மடங்கு அக்காவிடம் இருக்கிறது என்பது இன்னொன்று; அது பெருக்கல் ஒப்பீடு, 12 = 3 × 4. இந்த இரண்டாவது வகை வாக்கியத்தைச் சமன்பாடாக எழுதக் கற்பது பெரும்பாலும் நான்காம், ஐந்தாம் வகுப்புகளின் வேலை. வாய்பாடு தலைகீழாகத் தெரிந்த பிள்ளையும் இங்கே இடறுவதுண்டு. இடறும் கல் வாய்பாட்டில் கிடப்பதில்லை, வாக்கியத்தில் கிடக்கிறது.

இரு ஒப்பீடுகளும் வேறுவேறு என்பதை வயதுக் கணக்கு நன்றாகக் காட்டும். மகளுக்கு 8 வயது, அம்மாவுக்கு 32. அம்மாவின் வயது மகளின் வயதைப் போல் 4 மடங்கு, வித்தியாசம் 24. மகளுக்கு 12 ஆகும்போது அம்மாவுக்கு 36. மடங்கு 3 ஆகிவிட்டது. மகளுக்கு 24 ஆகும்போது அம்மாவுக்கு 48, மடங்கு 2. வித்தியாசமோ என்றைக்கும் 24தான். பூக்கடையில் கதை நேர்மாறு. முழம் 30 ரூபாய் என்றால் 4 முழம் மல்லிகை 120 ரூபாய். முழம் 50 ரூபாய்க்கு ஏறினால் 4 முழம் 200 ரூபாய். ஒரு முழத்துக்கும் 4 முழத்துக்கும் உள்ள விலை வித்தியாசம் 90 ரூபாயிலிருந்து 150 ரூபாய் ஆகிறது. மடங்கு மட்டும் 4 என்றே நிற்கிறது. எது மாறாமல் நிற்கிறது என்று கேட்பதே இரண்டையும் பிரித்தறியும் வழி.

பெருக்கலைக் குழந்தைகள் முதலில் சம குழுக்களாகவே அறிகிறார்கள். தட்டுக்கு 4 இட்லி, 3 தட்டு, மொத்தம் 12 இட்லி. மூன்று தட்டுகளும் கண்முன்னே இருக்கின்றன. 12 என்பது அவற்றைச் சேர்த்த மொத்தம். ஒப்பீட்டுக் கணக்கில் அப்படி மூன்று குழு எதுவும் இல்லை. இருப்பவை இரண்டே குவியல்கள்: தம்பியுடையது, அக்காவுடையது. தம்பியின் 4 கொட்டை அக்காவின் 12-க்குள் அடங்கவும் இல்லை. தம்பியின் குவியலை அளவுகோலாக எடுத்து அக்காவின் குவியலை அளக்கிறோம். மூன்று முறை அளக்க முடிகிறது. குழு முறையையே மனத்தில் வைத்திருக்கும் பிள்ளை இரண்டு குவியலையும் சேர்த்து 16 என்று விடை எழுதும். கணக்கு கேட்டது மொத்தத்தை அல்ல என்பது அதற்குப் புலப்படுவதில்லை.

ஆகவே இத்தகைய வாக்கியத்தில் தேடிப் பிடிக்க வேண்டியவை மூன்று. எதோடு ஒப்பிடுகிறோமோ அந்த அளவு அடிப்படை. எத்தனை மடங்கு என்ற எண் இரண்டாவது. ஒப்பிடப்படும் அளவு மூன்றாவது. முதலும் மூன்றும் பொருளின் பெயரோடு வரும்: 4 கொட்டை, 12 கொட்டை. நடுவில் உள்ள 3 மட்டும் வெறும் எண். அது 3 கொட்டையும் அல்ல, 3 பேரும் அல்ல. ஒவ்வொரு எண்ணுக்கும் பக்கத்தில் அது எதைக் குறிக்கிறது என்று எழுதச் சொன்னால், பெயர் ஒட்டாமல் தனித்து நிற்பதே மடங்கு என்பதைக் குழந்தை தானே கண்டுகொள்ளும்.

மடங்கு என்ற சொல்லே இதற்கு உதவும். மடங்குதல் என்றால் மடிதல். 12 சென்டிமீட்டர் நீளத் தாள் பட்டையை 4 சென்டிமீட்டருக்கு ஒரு மடிப்பாக விசிறிபோல் மடித்தால் மூன்று அடுக்கு வரும். 12 என்பது 4-இன் மூன்று மடங்கு என்பதைக் கையில் பிடித்துப் பார்க்கலாம். வகுப்பறைப் பேச்சில் பெருக்கல் குறியைப் பலரும் ‘இன்ட்டு’ என்றே படிக்கிறார்கள். ‘மூணு இன்ட்டு நாலு’ என்று சொல்லும்போது எந்தப் பொருளும் மனத்தில் தோன்றுவதில்லை. அதே 3 × 4 என்பதை ‘நாலின் மூணு மடங்கு’ என்றும் படித்துப் பழகிய பிள்ளைக்கு ஒப்பீட்டு வாக்கியம் வரும்போது குறியும் சொல்லும் ஏற்கெனவே கைகோத்திருக்கும்.

வாக்கியத்திலிருந்து சமன்பாட்டுக்குப் போகும் வழியில் முதல் சிக்கல் சமக்குறிதான். ‘அக்காவின் கொட்டைகள் தம்பியின் கொட்டைகளைப் போல் 3 மடங்கு’ என்ற வாக்கியத்தில் வினைச்சொல்லே இல்லை. பெயரை அடுத்துப் பெயர் வந்து வாக்கியம் முடிந்துவிடுவது தமிழின் இயல்பு. ‘ஆகும்’ என்று சேர்த்தாலும் அது கடைசியில்தான் வரும். சமக்குறிக்கு நேரான சொல் வாக்கியத்தின் நடுவில் கிடைக்காது. அங்கே இருப்பது ஒரு சிறு நிறுத்தம். ‘அக்காவின் கொட்டைகள்’ என்று சொல்லிக் குரல் தாழும் இடமே சமக்குறியின் இடம். இந்த நிறுத்தம் குழந்தைக்குப் புதிதல்ல. ‘ஈரைந்து பத்து, மூவைந்து பதினைந்து’ என்று வாய்பாடு சொல்லும்போது இரண்டு எண்ணுக்கும் விடைக்கும் நடுவே அதே இடைவெளியை அது விட்டிருக்கிறது. வாக்கியத்தை உரக்கப் படிக்கவைத்து, நிற்கும் இடத்தில் பென்சிலால் ஒரு கோடு போடச் சொன்னால் போதும். கோட்டுக்கு இடப்புறம் சமன்பாட்டின் ஒரு பக்கம், வலப்புறம் மறுபக்கம்.

12 = 3 × 4 என்று விடை முன்னால் வருவதைப் பார்த்துச் சில பிள்ளைகள் தவறு என்பார்கள். சமக்குறி என்றால் ‘இதோ விடை’ என்ற பொருளிலேயே அவர்கள் அதைப் பழகியிருப்பார்கள். 8 + 4 = □ + 5 என்று கொடுத்தால் கட்டத்தில் 12 என்று எழுதுவதும் இதே பழக்கத்தால்தான். வேல்ஸ் நாட்டுக்காரர் ராபர்ட் ரெக்கார்டு 1557-இல் அச்சிட்ட நூலில் இந்தக் குறியை முதன்முதலாகப் பயன்படுத்தியபோது, சம நீளமுள்ள இரு இணைகோடுகளைத் தேர்ந்தார். அவற்றைவிடச் சமமான இரண்டு பொருள்கள் இருக்க முடியாது என்பது அவர் சொன்ன காரணம். தராசின் இரு தட்டும் ஒரே மட்டத்தில் நிற்கின்றன என்பதே அந்தக் குறியின் பொருள். இடத் தட்டில் 12, வலத் தட்டில் 3 × 4 என்று வைத்தாலும் மாற்றி வைத்தாலும் தராசு சாயாது.

அடுத்த கேள்வி, மடங்கு எதனோடு சேரும் என்பது. தமிழில் இதற்கு விடை சொல்வது வேற்றுமை உருபு. ‘தம்பியின் கொட்டைகளைப் போல் 3 மடங்கு’, ‘தம்பியிடம் உள்ளதன் 3 மடங்கு’, ‘தம்பியின் வயதுக்கு 3 மடங்கு’ என எப்படி வந்தாலும் ‘ஐப் போல்’, ‘இன்’, ‘கு’ என ஏதாவது ஓர் ஒட்டு அடிப்படைச் சொல்லின் வாலில் இருக்கும். சொற்கள் இடம் மாறினாலும் இது மாறாது. ‘தம்பியின் வயதைப் போல் 3 மடங்கு அக்காவின் வயது’ என்று திருப்பிப் போட்டால் தம்பி முன்னால் வந்துவிடுகிறான். முதலில் வருவதை முதலில் எழுதும் பிள்ளை ‘தம்பி = 3 × அக்கா’ என்று எழுதிவிடும். ‘வயதைப் போல்’ என்பதைக் கவனித்த பிள்ளையோ தம்பியின் வயதுக்கு அடிக்கோடிட்டு, அதன் முன்னால் ‘3 ×’ என்று எழுதும். எந்தச் சொல் முதலில் வந்தது என்று பாராமல் எந்தச் சொல்லுக்கு வால் இருக்கிறது என்று பார்க்கச் சொல்வதே தமிழில் இந்தக் கணக்குக்கு ஏற்ற வழிகாட்டல்.

மடங்கைச் சொல்லும் எண்ணும் எப்போதும் எண்ணாக எழுதப்பட்டிருக்காது. இரு மடங்கு, மும்மடங்கு, நான்மடங்கு, ஐம்மடங்கு, பதின்மடங்கு என எண் சொல்லுக்குள் ஒளிந்திருக்கும். இரட்டிப்பு என்பதில் 2 இருக்கிறது. பாதி என்பதில் இரண்டில் ஒரு பங்கு இருக்கிறது. கணக்கில் இலக்கங்களை மட்டும் பொறுக்கி எடுத்து ஏதாவது செய்துபார்க்கும் குழந்தைக்கு ‘கூலி இரட்டிப்பானது’ என்ற வாக்கியத்தில் பெருக்க எதுவுமே தென்படாது.

ஒரே சமன்பாட்டை இரண்டு விதமாக ஒப்பீடாகப் படிக்கவும் முடியும். 35 = 5 × 7 என்பதை, 35 என்பது 7-இன் 5 மடங்கு என்றும், 35 என்பது 5-இன் 7 மடங்கு என்றும் படிக்கலாம். அமெரிக்காவில் 2010-இல் வெளியிடப்பட்ட ‘காமன் கோர்’ கணித அளவுகோல்கள் நான்காம் வகுப்புக்கு இதையே எடுத்துக்காட்டாகத் தருகின்றன. கூட்டல் ஒப்பீட்டையும் பெருக்கல் ஒப்பீட்டையும் பிரித்தறிவதையும் அதே வகுப்பில் வைக்கின்றன. பின்ன மடங்குகளும், பெருக்கல் ஓர் அளவைப் பெரிதாக்குவதும் சிறிதாக்குவதும் அங்கே ஐந்தாம் வகுப்புக்குத் தள்ளிவைக்கப்பட்டுள்ளன.

மூன்று இடங்களில் எது தெரியாததோ அதைப் பொறுத்துக் கணக்கு மூன்று வகைப்படும். பென்சில் 5 ரூபாய். பேனாவின் விலை பென்சிலின் விலையைப் போல் 4 மடங்கு. பேனா என்ன விலை? □ = 4 × 5. இது எளிது. பென்சில் 5 ரூபாய், பேனா 20 ரூபாய். பேனாவின் விலை பென்சிலின் விலையைப் போல் எத்தனை மடங்கு? 20 = □ × 5. இதுவும் பெரிய தொல்லை இல்லை. பேனா 20 ரூபாய். அது பென்சிலின் விலையைப் போல் 4 மடங்கு. பென்சில் என்ன விலை? 20 = 4 × □. இங்கேதான் பலர் 80 என்று எழுதுகிறார்கள். ‘மடங்கு’ என்ற சொல் காதில் விழுந்ததும் கை பெருக்கிவிடுகிறது. விடை வகுத்தலில் கிடைக்கிறது என்பதால் சமன்பாட்டையும் வகுத்தலாக எழுத வேண்டும் என்பதில்லை. வாக்கியம் சொல்வதைச் சொன்னபடி 20 = 4 × □ என்று பெருக்கலாக எழுதிவிட்டு, கட்டத்தைக் கண்டுபிடிக்க 20-ஐ 4-ஆல் வகுப்பது அடுத்த வேலை. எழுதுவதையும் செய்வதையும் இப்படித் தனித்தனிப் படிகளாக்கினால் பாதித் தவறு மறையும்.

ஆன் லூயிஸ், ரிச்சர்ட் மேயர் ஆகிய இருவரும் 1987-இல் வெளியிட்ட ஆய்வு இந்த இடறலைக் கல்லூரி மாணவர்களிடமே கண்டது. வாக்கியத்தில் உள்ள ஒப்பீட்டுச் சொல்லும் செய்ய வேண்டிய கணக்கும் ஒரே திசையில் இருந்தால் தவறு குறைவு. ‘குறைவு’ என்று படித்துவிட்டுக் கூட்ட வேண்டியிருந்தாலோ, ‘மடங்கு’ என்று படித்துவிட்டு வகுக்க வேண்டியிருந்தாலோ, செயலைத் தலைகீழாகச் செய்துவிடுவது அதிகமாகிறது. ‘கூடுதல் என்றால் கூட்டு, மடங்கு என்றால் பெருக்கு’ என்று திறவுச்சொல் பட்டியல் கொடுத்து மனப்பாடம் செய்யவைப்பது இதனால்தான் ஆபத்து. பட்டியல் முதல் வகைக் கணக்கில் கைகொடுத்து, அடுத்த வகையில் குழியில் தள்ளும்.

சிறியதிலிருந்து பெரியதைப் பார்த்தால் மடங்கு. பெரியதிலிருந்து சிறியதைப் பார்த்தால் பங்கு. ‘பென்சிலின் விலை பேனாவின் விலையில் நான்கில் ஒரு பங்கு’ என்பது அதே 20 = 4 × 5-தான். இங்கே அடிப்படையைக் காட்டுவது ‘இல்’ என்ற உருபு. ஆனால் ‘பென்சில் பேனாவை விட நான்கு மடங்கு விலை குறைவு’ என்று எழுதினால் வாக்கியம் குழம்பிவிடும். பேனாவின் விலையின் நான்கு மடங்கு 80 ரூபாய். 20 ரூபாயிலிருந்து 80 ரூபாயைக் குறைக்க வழியில்லை.

‘மூன்று மடங்கு அதிகம்’ என்ற தொடர் இதைவிடப் பரவலானது. பேச்சிலும் செய்தித்தாளிலும் அதற்குப் பெரும்பாலும் மூன்று மடங்கு என்றே பொருள். கறாராகப் பார்த்தால், இருப்பதோடு மேலும் மூன்று மடங்கு சேர்ந்தால் நான்கு மடங்கு. விழுக்காட்டில் இந்தக் கறார் கணக்குதான் செல்லும்: 100 ரூபாயை விட 200 விழுக்காடு அதிகம் என்றால் 300 ரூபாய், அதாவது மூன்று மடங்கு. விலை உயர்வைச் சொல்லும்போது ‘ஆக’ என்ற ஒட்டு இந்தக் குழப்பத்தைத் தீர்க்கிறது. விலை 20 ரூபாயாக உயர்ந்தது என்றால் இப்போதைய விலை 20. 20 ரூபாய் உயர்ந்தது என்றால் பழைய விலைக்கு மேல் 20. அதேபோல் ‘மூன்று மடங்காக உயர்ந்தது’ என்பதில் மயக்கமில்லை. ‘மூன்று மடங்கு உயர்ந்தது’ என்பதில் உண்டு. குழந்தைகளுக்குக் கணக்கு எழுதுபவர் ‘அதிகம்’ என்ற சொல்லைக் கூட்டல் ஒப்பீட்டுக்கு மட்டும் வைத்துக்கொண்டு, பெருக்கல் ஒப்பீட்டுக்கு ‘போல் 3 மடங்கு’ என்று எழுதுவது நல்லது.

வாக்கியத்துக்கும் சமன்பாட்டுக்கும் நடுவே ஒரு படம் இருந்தால் வேலை பாதி குறையும். 1980-களில் சிங்கப்பூரில் கோ தேக் ஹோங் தலைமையிலான குழு தொடக்கப்பள்ளிகளுக்காக உருவாக்கிய பட்டைப் படம் இன்று பல நாடுகளில் பயன்படுகிறது. அடிப்படையை ஒரு கட்டமாக வரைந்து, மடங்குக்கு ஏற்ப மற்றதை வரைய வேண்டும்.

தம்பி: □
அக்கா: □ □ □

இந்தப் படம் கூட்டலும் பெருக்கலும் கலந்த கணக்கையும் தாங்கும். அக்காவிடம் தம்பியைப் போல் 3 மடங்கு காசு; இருவரிடமும் சேர்த்து 48 ரூபாய் என்றால், எண்ண வேண்டியது எல்லாக் கட்டங்களையும்: 4 × □ = 48, ஒரு கட்டம் 12 ரூபாய், அக்காவிடம் 36. மொத்தத்தைச் சொல்லாமல், அக்காவிடம் 24 ரூபாய் கூடுதல் என்று சொன்னால், எண்ண வேண்டியது மிஞ்சி நிற்கும் கட்டங்களை: 2 × □ = 24, கட்டம் அதே 12. ‘மூன்று மடங்கு’ என்பதும் ‘இரண்டு மடங்கு கூடுதல்’ என்பதும் ஒரே படத்தின் இரு பார்வைகள் என்பது இங்கே விளக்கம் இல்லாமலே தெரியும்.

கட்டத்துக்குப் பதில் எழுத்து வரும்போது இன்னொரு பொறி காத்திருக்கிறது. ‘இந்தப் பல்கலைக்கழகத்தில் பேராசிரியர்களைப் போல் 6 மடங்கு மாணவர்கள் உள்ளனர்’ என்பதைச் சமன்பாடாக்கச் சொல்லி, மாசசூசெட்ஸ் பல்கலைக்கழகத்தின் ஜான் கிளெமென்ட்டும் அவருடைய உடன் ஆய்வாளர்களும் பொறியியல் முதலாண்டு மாணவர்கள் 150 பேரைச் சோதித்தார்கள். 37 விழுக்காட்டினர் தவறு செய்தனர். மாணவர் எண்ணிக்கையை ம என்றும் பேராசிரியர் எண்ணிக்கையை ப என்றும் வைத்தால் ம = 6 × ப என்று வர வேண்டும்; தவறியவர்களில் பெரும்பாலோர் 6 × ம = ப என்று எழுதியிருந்தார்கள். ஆறு மாணவருக்கு ஒரு பேராசிரியர் என்ற காட்சியை அப்படியே எழுத்தில் வரைந்துவிட்டார்கள்.

பழைய முகத்தலளவை இதை இன்னும் தெளிவாக்கும். ஒரு படிக்கு எட்டு ஆழாக்கு. ‘1 படி = 8 ஆழாக்கு’ என்று எழுதுவது சரி; அங்கே படியும் ஆழாக்கும் அளவுகளின் பெயர்கள். ஒரு குதிரில் உள்ள நெல்லைப் படியால் அளந்தால் ப முறை, ஆழாக்கால் அளந்தால் ஆ முறை என்று வைத்தால் நிலைமை மாறுகிறது. சிறிய அளவையால் அளந்தால் அதிக முறை அளக்க வேண்டும்; ஆகவே ஆ = 8 × ப. எழுத்து பொருளின் பெயர் அல்ல, எண்ணிக்கை என்பதை மறந்தால் 8 × ஆ = ப என்று தலைகீழாகிவிடும். ‘ப என்றால் படி’ என்று எழுதவிடாமல் ‘ப என்றால் எத்தனை படி’ என்று எழுதப் பழக்குவது தொடக்கத்திலேயே செய்யக்கூடிய திருத்தம்.

எழுதிய சமன்பாடு சரியா என்று குழந்தையே சோதித்துக்கொள்ள இரண்டு வழிகள் உண்டு. முதலாவது, எண்ணைப் போட்டுப் பார்ப்பது. ப-வுக்கு 2 என்று வைத்தால் ஆ 16 வருகிறது. 2 படி நெல்லை ஆழாக்கால் அளந்தால் 16 முறை, சரிதான். தலைகீழ்ச் சமன்பாட்டில் 2 ஆழாக்கு நெல்லுக்கு 16 படி என்று வந்து, தவறு தானே பல்லிளிக்கும். இரண்டாவது, சமன்பாட்டைத் திரும்ப வாக்கியமாக்குவது. 24 = 6 × 4 என்று மட்டும் கொடுத்துக் கதை சொல்லச் சொன்னால், ‘ஆறு தட்டில் நாலு நாலு இட்லி’ என்று ஒரு பிள்ளை சொல்லும்; அது குழுக் கணக்கு, தவறில்லை. ‘தம்பியிடம் 4 கோலி, அக்காவிடம் அதைப் போல் 6 மடங்கு’ என்று இன்னொன்று சொல்லும், அது ஒப்பீடு. ‘தம்பியிடம் 6, அக்காவிடம் அதைப் போல் 4 மடங்கு’ என்றும் அதே சமன்பாட்டுக்கு ஒரு கதை சொல்லத் தெரிந்த பிள்ளைக்கு வாக்கியமும் சமன்பாடும் இரண்டு திசையிலும் வசமாகிவிட்டன.